ஆறு நாட்டுச் சமையலில் கடுகு

கமலாத்தாள் காதால் சமைக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் விடுதி மெஸ்ஸில் அவள்தான் தலைமைச் சமையற்காரி. இருநூற்று நாற்பது பிள்ளைகள். காலை நாலரைக்கு வந்தால், மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டலாம். மற்றபடி நின்ற கால்தான். கொரோனாவின் இரண்டாவது வருடத்தில் அவளுக்கு வந்த காய்ச்சல் பன்னிரண்டு நாளில் விட்டுப் போனது. போகும்போது வாசத்தையும் கையோடு கொண்டு போய்விட்டது. பக்கத்துச் சித்தூரில் காட்டிய டாக்டரம்மா, "தானா வரும், பொறுங்க" என்றாள். கூடக் காய்ச்சலில் படுத்தவர்களுக்கெல்லாம் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. கமலாத்தாளுக்கு வரவில்லை. மல்லிகைப் பூவும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றாகிப் போயின. நாக்குக்கு உப்பும் புளிப்பும் காரமும் தெரியும், அவ்வளவுதான். ரசம் என்பது புளித்த வெந்நீர்.

வேறொருத்தியாக இருந்தால் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டாவது ஒப்பேற்றியிருப்பாள். கமலாத்தாள் பழகியது கல்யாணப் பந்திச் சமையலில். அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை நல்லேப்பிள்ளியிலிருந்து கொல்லங்கோடு வரை பந்திக்கு ஆக்கிய ஆள். அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. இறக்கிய அண்டாவின் முதல் கரண்டி, அடுப்படியில் மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையாருக்கு முன்னால் இலையில் விழ வேண்டும். அதுவரை யார் வாயும் அதில் படக் கூடாது. உப்பு குறைவா, புளி தூக்கலா என்பதை எழும்பும் ஆவியில் முகத்தைக் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புருஷன் போய்ப் பதினோரு வருடமாகியும், மெஸ் அலமாரியில் ஒரு மஞ்சள் பிள்ளையார் இருக்கிறார். கமலாத்தாள் சட்டத்தை மாற்றவில்லை.

மூக்கு போன பிறகு காதுதான் மிச்சம். எண்ணெய் காய்ந்ததா என்பதைக் கடுகு சொல்லும். ஒன்றிரண்டாக வெடித்தால் பொறு. படபடவென்று ஒரே மூச்சில் பொரிந்து ஓய்ந்தால் வெங்காயத்தைப் போடு. பருப்பு வெந்துவிட்டால் கொதிக்கும் சத்தம் கனத்துவிடும். சாம்பார் பக்குவத்துக்கு வந்தால் குமிழிகள் இடைவெளி விட்டு உடையும். மீதியெல்லாம் கையளவு. ஏழு நாளைக்கு ஏழு விதமாக மெஸ் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. அந்த ஏழையும் அவள் கை கண்ணை மூடிக்கொண்டு செய்யும். கேஸ் குழாயைத் திறந்து பற்றவைப்பது எப்போதும் கூட நிற்கும் உதவியாள் முருகேஸ்வரியின் வேலை. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிணத்துக்கடவில் கட்டிக்கொடுத்த மகள் ஆனந்திக்குக்கூட அவள் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முன்பு அடுப்பில் நின்ற சின்னத்தாய்க்குக் கண்ணில் புரை விழுந்தபோது, விடுதி சூப்ரண்டு அவளைக் கரண்டியை வைக்கச் சொல்லிக் காய் நறுக்க உட்காரவைத்தார். நேற்று வரை "அக்கா, இறக்கலாங்களா?" என்று அவளிடம் கேட்டவர்கள் மறுநாள், "அக்கா, வெங்காயத்தைச் சீக்கிரம் உரிங்க" என்றார்கள். சின்னத்தாய் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கமலாத்தாளுக்கு அடுப்பு பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. முழங்கால் வலிக்கும், தோள் இற்றுப்போகும். ஆனாலும் அங்கே அவள் கேட்கப்படுகிற ஆள்.

லோகேஷ் சார் ஆறு தாள்களோடு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் காலை நீட்டுகிற அந்த ஒரு மணி நேரத்தில். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொறுப்பானவர் அவர்.

"ஏனுங்க கமலாக்கா, வெள்ளிக்கிழமை நம்ம வெளிநாட்டுப் பசங்களோட பரிபாடிங்க, பெரிய விழா. ஆறு நாடு, ஆறு ஸ்டால். அவங்கவங்க ஊர் துணிமணி, ஆட்டம், பாட்டு எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. சாப்பாடு மட்டும் நீங்க."

"என்ன சாப்பாடுங்க?"

"நாட்டுக்கு ஒண்ணுங்க. ஒவ்வொண்ணும் அம்பது பேருக்கு. அவங்க சொன்னதை நான் தமிழ்ல எழுதிக் கொண்டாந்திருக்கறேன்."

பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்த முருகேஸ்வரி திரும்பினாள். "எங்கூட்டுக்காரரு ஒருத்தரு வாய்க்குப் புடிக்கற மாதிரி ஆக்கறதுக்கே எனக்கு இருவது வருசமாச்சுங்க சார். நீங்க மூணு நாள்ல ஆறு நாடுங்கறீங்க."

"அந்தப் புள்ளைங்களே ஆக்கக் கூடாதுங்களா?" என்று கமலாத்தாள் கேட்டாள்.

"நாலு பேருக்கு ஆக்குவாங்கக்கா. அண்டாவுல ஆக்கிப் பழக்கமில்லீங்க. பக்கத்துல நின்னு சொல்லுவாங்க. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலைங்களா?"

தாள்களை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். எத்தியோப்பியா, தான்சானியா, ஏமன், நேபாளம், வங்காளதேசம், மலாவி. கமலாத்தாள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த சமையலை மூக்கில்லாமல் செய்துவிடலாம். கண் போனவன் சொந்த வீட்டுக்குள் நடப்பது போல. ஆனால் இது ஆறு அந்நிய வீடு. எங்கே படி, எங்கே நிலை என்று எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அன்று மீதி நேரம் நீட்டிய காலை மடக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். முருகேஸ்வரி தாளைப் படிக்கப் படிக்க கமலாத்தாள் செய்தாள். எண்ணெய் ஊற்று. வெங்காயம் போடு. பூண்டு போடு. வங்காளதேசத்து மீனைத் தவிர எந்தத் தாளிலும் கடுகு இல்லை, அதிலும் அரைத்து ஊற்றுகிற கடுகுதான். எத்தியோப்பியாவின் பருப்புக்கு எண்ணெய்கூடக் கடைசியில்தான், வெங்காயத்தை வெறும் சட்டியில் வதக்கச் சொல்லியிருந்தது. அவள் சட்டிக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை சட்டி. காய்ந்ததா, காயவில்லையா? கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போனது. ஒரு சிட்டிகை. சத்தத்துக்கு மட்டும்தான். படபடவென்று கேட்டதும் உயிர் வந்தது போலிருந்தது. அடுத்த சட்டிக்கும் ஒரு சிட்டிகை. அதற்கடுத்த சட்டிக்கும்.

பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். எத்தியோப்பியாக்காரன் தவித் பருப்பிலிருந்து கருப்பு மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தான். ஏமன் பையன் 'மந்தி' என்கிற தன் ஊர் இறைச்சிச் சோற்றை உற்றுப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டான். தான்சானியாக்காரி சிரித்துவிட்டாள். வங்காளதேசத்துப் பையன் மட்டும் மீனை வழித்துத் தின்றான். அவர்கள் ஊரில் கடுகு இல்லாமல் மீனே இல்லையாம்.

லோகேஷ் சார் ஆறு சட்டியையும் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, உலகத்தையே தாளிச்சுட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கமலாத்தாளும் சிரித்து வைத்தாள்.

"கடுகு வெடிக்காத அடுப்பு எனக்கு ஆகாதுங்க சார். பழக்கம்."

"பழக்கத்தை வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் விட்டுருங்க. அடுத்த நாட்டுக்காரன் சாப்பாட்டுல நம்ம கையெழுத்து எதுக்குங்க?"

எல்லோரும் போன பிறகும் மலாவிக்காரி சிசோமோ போகவில்லை. அந்த நாட்டிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். மூன்றாம் வருடம் படிக்கிறாள். முதல் வருடம் சாயங்காலங்களில் பாலில்லாத கட்டன் சாயா குடிக்க வந்து உட்கார்ந்து, முருகேஸ்வரியிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகக் கற்றுக்கொண்டவள். கீரையில் போடும் வேர்க்கடலைப் பொடி சரியாக வரவில்லை, இன்னொரு தரம் வறுத்துப் பார்க்கலாம் என்றாள். முருகேஸ்வரி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். கமலாத்தாள் கடலையைச் சட்டியில் கொட்டினாள். சிசோமோ கொல்லைப்பக்கம் கீரை அலசப் போனாள்.

தோலோடு இருக்கும் கடலை சிவந்திருப்பதும் கருகியிருப்பதும் மங்கிய வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான். கமலாத்தாள் சட்டிக்கு மேல் குனிந்து, ஏதாவது வெடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கிளறினாள்.

"அம்மா! கரியுது! கரியுது!"

சிசோமோ ஈரக் கையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பின்வாசலுக்கு வெளியே நின்றவளுக்குத் தெரிந்த நாற்றம், சட்டிக்கு நேர் மேலே முகத்தை வைத்திருந்தவளுக்குத் தெரியவில்லை. அவள் கமலாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அஞ்சறைப் பெட்டியைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு மணம் கிடைக்கறதில்லையா?"

"மெல்லப் பேசு."

"எத்தனை நாள்?"

"நாளா? மூணு வருசம்."

சிசோமோ கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "அதுக்கா கடுகு?"

"அது சத்தம் போடுமே கண்ணு. மத்ததெல்லாம் வாயை மூடிக்கிட்டு வேகுது."

சிசோமோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கமலாத்தாளும் சிரித்தாள். மூன்று வருடத்தில் இதை ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"யார்கிட்டயும் சொல்லீராத அம்மிணி. சொன்னா நாளைக்கே என்னை வெங்காயம் உரிக்க உக்கார வெச்சுருவாங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா கடுகு வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் பக்கத்துல நிக்கறேன். நான் மூக்கு, நீங்க கை."

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அப்படித்தான் நடந்தது. மைதானத்தில் பந்தல். ஆறு ஸ்டாலுக்கும் பின்னால் துணித் திரை கட்டி, மேசைகளின் மேல் அடுப்புகள், கீழே சிலிண்டர்கள். கமலாத்தாள் சட்டி சட்டியாக நகர, சிசோமோ பின்னாலேயே வந்தாள். வாசங்களுக்கு அவளிடம் தமிழ் போதவில்லை.

"இப்ப பச்சையா இருக்கு… இப்பவும் பச்சை… இப்ப கொஞ்சம் இனிப்பா வருது. தவித், வா. இது உங்க வீடு மாதிரி இருக்கா?"

தவித் மோந்து பார்த்துத் தலையை ஆட்டினான். கமலாத்தாள் இறக்கினாள். ஒவ்வொரு சட்டியிலிருந்தும் முதல் கரண்டி, மேசையோரம் பிடித்து வைத்த மஞ்சள் பிள்ளையாரின் இலைக்குப் போனது. ஏமன் பையன் அது என்ன என்று கேட்டான். "அவருதான் இங்க மொதல் ஒறம்பரை, விருந்தாளி" என்றாள் முருகேஸ்வரி. மூன்று மணிக்கு ஐந்து நாடும் முடிந்தன. வங்காளதேசத்து மீனைத் தவிர ஒரு சட்டியிலும் கடுகு இல்லை. கமலாத்தாளின் முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தன. ஆனால் பிழைத்துக்கொண்டோம் என்ற நினைப்பு நிற்கவைத்தது.

மிச்சம் இருந்தது மலாவி மட்டும். கீரைச் சட்டி அடுப்பில் இருந்தது. நிசிமா என்று அவர்கள் சொல்லும் சோளமாவுக் களியைச் சூடாகக் கடைசியில்தான் கிண்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் கொடியோடு மேடைக்கு வர வேண்டும்.

"நான் போகலை" என்றாள் சிசோமோ.

"நீ போகாட்டி உங்க ஊர்க் கொடியை யாரு புடிப்பா? நானா?"

"பத்து நிமிஷம் அம்மா. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

பத்து நிமிடம் அரை மணியானது. பிரின்சிபால் பேசினார், அவருக்குப் பிறகு பஞ்சாயத்து மெம்பர் பேசினார். பேச்சு பிடிக்காதவர்களெல்லாம் ஸ்டால்களுக்கு முன்னால் தட்டோடு வரிசை கட்டினார்கள். முருகேஸ்வரி முன்பக்கம் பரிமாறிக்கொண்டிருந்தாள். லோகேஷ் சார் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "கமலாக்கா, மலாவி ஸ்டால்ல ஒண்ணுமே இல்லீங்க. சனம் நிக்குது பாருங்க."

களிக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று கமலாத்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே கூட்டம். அவள் போன பிறகு கீரைச் சட்டி பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. தீ போனது, திருகு திறந்தே இருந்தது. கால் மணி நேரம் கழித்துக் குடத்தோடு திரும்பி வந்தவள், அணைந்திருந்த அடுப்பைப் பார்த்தாள். வழிந்ததைப் பார்த்து முருகேஸ்வரி அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தாள். மூன்று பக்கமும் திரை, காற்றில்லை. அவள் களித் தண்ணீருக்காகப் பக்கத்து அடுப்பின் திருகைத் திறந்து, லைட்டரை எடுத்து ஒரு தரம் அழுத்தினாள். பொறி வரவில்லை.

இரண்டாம் தரம் அழுத்துவதற்குள் ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. லைட்டர் தெறித்து மண்ணில் விழுந்தது.

"கேஸ்! கேஸ்!"

சிசோமோ. தோளில் கொடிக்கம்பு, முகத்தில் வேர்வை. அடுத்த நொடி முருகேஸ்வரி குனிந்து சிலிண்டரை மூடினாள். லோகேஷ் சார் திரையைப் பிய்த்து எறிந்தார். முன்னால் நின்றவர்களைப் பின்னால் தள்ளினார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்றைக்கும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஒன்றுமில்லை. மேடையில் நேபாளத்துப் பாட்டு தொடங்கியிருந்தது, அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

லோகேஷ் சார் அவளிடம் திரும்பினார். "ஏனுங்கக்கா, அடுத்த ஸ்டால்ல நின்ன எனக்கே குப்புனு அடிச்சுது. பக்கத்துல நின்னு லைட்டரை அமுத்தறீங்க?"

"காத்து எதுத்தாப்புல அடிச்சிருக்குமுங்க சார்" என்றாள் முருகேஸ்வரி. கமலாத்தாளின் முகத்தைப் பார்த்து என்ன கண்டுபிடித்தாளோ, குரலை இறக்கி, "அக்கா, பேசாம இருங்க" என்றாள்.

"நான்தான் சார்" என்றாள் சிசோமோ. "நான்தான் அடுப்பு மூடாம போனேன்."

இரண்டு பொய்யும் கமலாத்தாளுக்காகத்தான். அவள் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். லோகேஷ் சாரும் நம்புவதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஒரு பரிபாடி நல்லபடியாக முடிந்தால் அவருக்குப் போதும். கமலாத்தாள் வரிசையைப் பார்த்தாள். நகர்ந்து போனவர்கள் மறுபடியும் தட்டோடு வந்து நின்றிருந்தார்கள். ஐம்பது பேர் இருக்கும். ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். இனிமேல் இப்படி ஒரு அடுப்புக்கு முன்னால் தான் நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு மூக்கு நின்றுகொண்டே இருக்குமா? அவளுக்கு மிகவும் அசதியாக இருந்தது. மூன்று வருடமாகத் தூக்கி வந்த சுமையை இன்னும் ஒரு அடி தூக்க முடியாது போலிருந்தது.

"அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க சார். எனக்கு வாசம் தெரியாதுங்க. கொரோனாவுல போனது. மூணு வருசமாச்சு."

"மூணு வருசமாவா? அப்ப நாங்க தின்ன சாம்பாரு?"

"அது கை வெக்கறதுங்க."

லோகேஷ் சார் மண்ணில் கிடந்த லைட்டரைக் குனிந்து எடுத்தார். "இதை சூப்ரண்டுகிட்டச் சொல்லாம இருக்க முடியாதுங்கக்கா."

"நானே சொல்றனுங்க. நீங்க எதுக்குச் சங்கடப்படறீங்க?" கரண்டியை முந்தானையில் துடைத்து முருகேஸ்வரியிடம் நீட்டினாள். "களிக்குத் தண்ணி வெய்யி. மாவைக் கொஞ்சங் கொஞ்சமாத் தூவோணும். உப்புப் போட்டறாத, அவங்க ஊருல போட மாட்டாங்களாம்."

முருகேஸ்வரி கரண்டியை வாங்காமல் நின்றாள்.

"புடி, முருகேசு. சனம் நிக்குதில்ல?"

களி கிண்டி முடிந்தது, வரிசை நகர்ந்தது. கமலாத்தாள் திரை கிடந்த இடத்துக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர் முன்பக்கம், "அட, இது நம்ம களியேதானுங்க" என்று சொல்வது கேட்டது. சிசோமோ ஒரு தட்டோடு வந்தாள், அவள் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் போயிருக்கக் கூடாது அம்மா."

"நீ அத்தனை தொலவுல இருந்து உங்க ஊர்க் கொடியைப் புடிக்க வந்தவ. என்ற மூக்கைப் புடிக்கவா வந்தே? போ, உங்க ஸ்டாலுக்கு ஆளு வேணும். எல்லாரும் எந்த ஊரு, எங்க இருக்குதுன்னு கேப்பாங்க. முருகேசுக்கு என்ன தெரியும்? பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம்னு சொல்லி வெப்பா."

சிசோமோ கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கமலாத்தாளுக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் அவளிடம் எதுவும் கேட்காத அந்தச் சந்தடியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சூப்ரண்டு நல்ல மனுஷர். வேலையை விட்டு அனுப்பவில்லை. திங்கட்கிழமையிலிருந்து காய் நறுக்கும் இடத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான். நறுக்குகிறவர்கள் ஆறு மணிக்கு வந்தால் போதும். கமலாத்தாள் அன்றைக்கும் நாலரைக்கே வந்துவிட்டாள். உள்ளே முருகேஸ்வரி அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போக ஒரு வேலையும் இல்லை. அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த வாக்கிலேயே கண் சொருகிவிட்டது.

ஆறு மணிக்குக் காய்க்கூடையோடு வந்தவள் எழுப்பப் போனாள். முருகேஸ்வரி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அன்றைக்கு மற்றவர்கள் பீன்ஸ் நறுக்கத் தொடங்கியபோது மணி ஏழு. கமலாத்தாள் அப்போதும் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.